அறிவைத் தீண்டாத நோயா?

நடுக்குவாதத்தைப் பற்றி எழுதுவோர் எல்லோரும் ஜேம்ஸ் பார்க்கின்சனின் பெயரோடுதான் தொடங்குகிறார்கள். அவர் எழுதிய நூலைப் படித்துவிட்டுத் தொடங்குவோர் மிகச் சிலரே. 1817 ஆம் ஆண்டு லண்டனில் வெளியான அந்த நூல் 66 பக்கங்களே கொண்டது. ஆங்கிலம் ஓரளவு தெரிந்த மாணவர் ஒருவர் ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம். அப்படிப் படித்தவர் இரண்டு காரணங்களுக்காக வியப்படைவார். இவ்வளவு குறைந்த சான்றுகளைக் கொண்டு இவ்வளவு சரியாக எழுதியிருக்கிறாரே என்பது ஒன்று. அந்த நூலின் ஒரே ஒரு சொற்றொடர் நூறாண்டுகளுக்கு மேல் மருத்துவ உலகின் கண்ணைக் கட்டிவிட்டதே என்பது மற்றொன்று. இக்கட்டுரை பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது. ஆனால் முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவதைச் சொல்வது நியாயமாகாது.

பார்க்கின்சன் பெரிய மருத்துவமனை எதிலும் பதவி வகித்தவர் அல்லர். லண்டனை ஒட்டியிருந்த ஹாக்ஸ்டன் என்னும் பகுதியில் மருந்து கொடுத்து, சிறு அறுவைகள் செய்து வாழ்ந்த எளிய மருத்துவர். அரசாங்கத்தைச் சாடித் துண்டு வெளியீடுகள் எழுதியவர். புதைபடிவங்களைச் சேகரித்து மூன்று பெருந்தொகுதிகள் வெளியிட்டவர். நடுக்குவாத நூலை எழுதியபோது அவருக்கு வயது 62. (அவருடைய புகைப்படம் என்று சில புத்தகங்களில் ஒரு தாடிக்காரரின் படம் அச்சாகியிருப்பதைக் காணலாம். அது அவர் அல்லர். அவர் இறந்தது 1824 இல். மனிதரைப் புகைப்படம் எடுக்கும் கலை அதற்குப் பின்னரே வந்தது!)

நூலுக்கு ஆதாரமாக அவர் காட்டும் நோயாளிகள் ஆறு பேர். அவர்களுள்ளும் இருவர் தெருவில் தற்செயலாக எதிர்ப்பட்டவர்கள். இன்னொருவரை அவர் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. தெருவில் கண்டவர்களுள் ஒருவர் முன்னாள் மாலுமி. ஸ்பெயின் நாட்டுச் சிறையில் பல மாதங்கள் ஈரத்தரையில் படுத்துக் கிடந்ததால்தான் தமக்கு இந்நோய் வந்தது என்று நம்பியவர். அவரால் நடக்கவே முடியவில்லை. உடல் முன்னால் சாய்ந்து சாய்ந்து ஓட்டமாகவே போய்க்கொண்டிருந்தார். ஐந்தாறு அடிக்கு ஒருமுறை கைத்தடியைத் தரையில் ஓங்கி ஊன்றித் தம்மை நிமிர்த்திக்கொண்டார். ஒரு நிமிடக் காட்சிதான். ஆனால் நடுக்குவாத நோயாளியோடு வாழ்ந்தவர் எவரும் படித்த மாத்திரத்தில் ‘ஆம், இதுதான்’ என்பார்.

ஆறாவது நோயாளியைப் பற்றிய குறிப்பு இன்னும் கூர்மையானது. அவர் 72 வயது முதியவர். நடுக்கத்தோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு ஒருநாள் பக்கவாதம் வந்தது. வாதம் தாக்கிய கையும் காலும் செயலற்றுக் கிடந்தவரை அந்தப் பக்கத்தில் நடுக்கமே இல்லை. வலிமை திரும்பியதும் நடுக்கமும் திரும்பிவிட்டது. இயக்கத்துக்கு ஆணையிடும் பாதையும் நடுக்கம் பிறக்கும் பாதையும் எங்கோ தொடர்புடையவை என்பதற்கு இது நல்ல சான்று. பார்க்கின்சன் அதை மிகைப்படுத்தாமல் உள்ளபடி எழுதி வைத்தார். நோயின் இருப்பிடம் கழுத்துத் தண்டுவடமும் முகுளமும் என்று அவர் கருதியது தவறே. ஆனால் பிணத்தை அறுத்துப் பார்க்காமல் ஊகித்து எழுதுகிறேன் என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறார். கழுத்தில் இரத்தம் வடிக்கும் அவரது சிகிச்சையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அக்காலத்தில் எந்நோய்க்கும் அதுதான் மருந்து.

இனி குறைகளுக்கு வருவோம். நோயின் இலக்கணத்தைப் பார்க்கின்சன் நூலின் தொடக்கத்தில் ஒரே வாக்கியத்தில் தருகிறார். வேலை செய்யாமல் ஓய்ந்திருக்கும் உறுப்பு தானே நடுங்குவது, தசை வலிமை குன்றுவது, உடல் முன்னோக்கி வளைவது, நடை ஓட்டமாக மாறுவது ஆகியவை அந்த இலக்கணத்தில் வருகின்றன. வாக்கியத்தின் கடைசியில், புலன்களுக்கும் அறிவுக்கும் கேடு இல்லை என்று முடிக்கிறார்.

வலிமை குன்றுகிறது என்பதைப் பாரிஸ் மருத்துவர் ஷார்க்கோ பின்னர் மறுத்தார். இந்நோயில் முக்கியமானவை தசையின் இறுக்கமும் இயக்கத்தின் மந்தமுமே, பலவீனம் அன்று என்றார். நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரை நிலைக்கச் செய்தவரும் அவரே. இறுக்கத்தைப் பார்க்கின்சன் காணாமல் விட்டதற்குக் காரணத்தை எளிதில் ஊகிக்கலாம். தெருவில் போகிறவரின் முழங்கையை மடக்கிப் பார்க்க முடியாதல்லவா? புலன்களைப் பற்றிய கூற்றும் நிற்கவில்லை. கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே பலருக்கு மோப்ப உணர்வு மங்கிவிடுகிறது என்று இன்று அறிவோம்.

எஞ்சியிருப்பது அறிவு. இந்தக் கடைசிச் சொற்றொடரை நூலே பொய்யாக்குகிறது என்பதுதான் என் முதல் குற்றச்சாட்டு. நோயின் இறுதிக் கட்டத்தை வருணிக்கும்போது ஓயாத உறக்கமும் இலேசான மனப்பிதற்றலும் வருவதாக அவரே எழுதுகிறார். அதைவிட முக்கியமான குறிப்பு ஒன்று நோயின் நடுக்கட்டத்தைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. நடப்பது என்பது மிகுந்த கவனம் செலுத்தினாலன்றி முடியாத ஒரு வேலையாகிவிடுகிறது என்கிறார். மனம் நினைத்த உயரத்துக்கும் வேகத்துக்கும் கால் எழுவதில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

இந்தக் குறிப்பை ஒருமுறை நின்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போகிறீர்கள். எந்தக் காலை எப்போது தூக்க வேண்டும் என்று ஒருபோதும் நினைப்பதில்லை. நண்பரோடு பேசிக்கொண்டே போகிறீர்கள். கணக்குப் போட்டுக்கொண்டே போகிறீர்கள். நடை தானாக நடக்கிறது. நடுக்குவாத நோயாளிக்கு அந்தத் ‘தானாக’ என்பது பறிபோய்விடுகிறது. ஒவ்வோர் அடியையும் அவர் நினைத்து எடுத்து வைக்க வேண்டும். கவனம் முழுவதும் காலில் செலவாகிவிட்டால் பேச்சுக்கு என்ன மிஞ்சும்? நடந்துகொண்டிருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்டால் சிலர் நின்றுவிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள். பார்க்கின்சன் இந்த நூலின் நுனியைக் கையில் பிடித்திருந்தார். இழுத்துப் பார்க்காமல் விட்டுவிட்டார். காலுக்கு வந்த கேடும் கவனத்துக்கு வந்த கேடும் ஒன்றே என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஏன் அப்படி என்று விளங்க, மூளைக்குள் நடப்பதைச் சிறிது பார்க்க வேண்டும். நடுமூளையில் கருநிறத் திட்டு ஒன்று உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரந்து, பெருமூளையின் அடியில் உள்ள வரித்திரள் என்னும் பகுதிக்கு அனுப்புகின்றன. நடுக்குவாதத்தில் அழிவன இந்த அணுக்களே. இவ்வழிவை 1919 இல் டிரெட்டியாக்காஃப் பாரிஸில் ஆராய்ந்து காட்டினார். நோயாளிகளின் வரித்திரளில் டோபமைன் வெகுவாகக் குறைந்திருப்பதை 1960 இல் வியன்னாவில் ஏரிங்கரும் ஹார்னிக்கிவிச்சும் கண்டறிந்தனர். நடுக்கம் வெளியே தெரியும்போது அந்த அணுக்களில் ஏறத்தாழப் பாதியோ அதற்கு மேலுமோ ஏற்கெனவே மடிந்திருக்கும்.

வரித்திரள் தசைகளை மட்டும் ஆளும் பகுதி அன்று என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அதிலிருந்து புறப்படும் சுற்றுப்பாதைகளில் ஒன்று இயக்கப் பகுதிக்குச் சென்று திரும்புகிறது. வேறு சில நெற்றி மடலுக்குச் சென்று திரும்புகின்றன. திட்டமிடுவதும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கவனத்தை மாற்றுவதும் அந்த மடலின் பணிகள். ஆகவே டோபமைன் வற்றினால் கை மட்டும் தடுமாறும், கவனம் தடுமாறாது என்று எதிர்பார்க்க இடமே இல்லை. பார்க்கின்சனுக்கு இது தெரிந்திருக்க முடியாது. இதெல்லாம் தெரிந்த பின்னரும் பழைய வாக்கியத்தையே திருப்பிச் சொல்கிறவர்களிடம்தான் நமக்கு வழக்கு.

காலையும் கவனத்தையும் ஒரே கயிற்றில் கட்டும் சான்று ஒன்றைச் சொல்கிறேன். நடக்க முடியாமல் தரையில் ஒட்டிக்கொண்டது போல் நின்றுவிடும் நோயாளியின் முன் குறுக்குக் கோடுகள் வரைந்தால், அவற்றைத் தாண்டித் தாண்டி அவர் நடந்துவிடுவார். சமதரையில் நகராத கால் மாடிப்படியில் ஏறும். பர்டன் மார்ட்டின் என்னும் மருத்துவர் 1967 இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். காலில் பலமும் இருக்கிறது, நடக்கும் முறையும் மறக்கவில்லை. ‘இப்போது தூக்கு’ என்னும் ஆணைதான் உள்ளிருந்து எழவில்லை. வெளியிலிருந்து ஒரு கோடு அந்த ஆணையைக் கொடுத்துவிட்டால் போதும்.

இப்போது கவனத்துக்கு வாருங்கள். பச்சை மையில் ‘சிவப்பு’ என்று எழுதி உங்கள் முன் நீட்டுகிறார்கள். சில வேளை சொல்லைப் படிக்க வேண்டும். சில வேளை மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். லண்டனில் பிரவுன், மார்ஸ்டன் இருவரும் 1988 இல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய சோதனையை நடுக்குவாத நோயாளிகளுக்கு வைத்தார்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் அறிவித்தபோது நோயாளிகள் மற்றவர்களைப் போலவே செய்தார்கள். எப்போது மாற வேண்டும் என்பதைத் தாங்களே மனத்தில் வைத்துக்கொண்டு செய்ய நேர்ந்தபோது பின்தங்கினார்கள். தரையில் கோடு இருந்தால் கால் நடக்கிறது. மனத்துக்குக் கோடு போட்டுக் கொடுத்தால் கவனம் நடக்கிறது. எல்லா நோயாளிகளுக்கும் எல்லாக் கட்டங்களிலும் இது பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆயினும் இந்நோயைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல திறவுகோல் எனக்குத் தெரியவில்லை.

கற்றலைப் பற்றிய ஆராய்ச்சி இன்னும் சுவையானது. 1996 இல் அமெரிக்காவில் நோல்ட்டன், மேங்கல்ஸ், ஸ்கொயர் ஆகியோர் ஒரு விளையாட்டு வைத்தார்கள். வடிவங்கள் வரைந்த நான்கு வகைச் சீட்டுகள். ஒவ்வொரு முறையும் அவற்றில் சில காட்டப்படும். மழையா வெயிலா என்று ஊகித்துச் சொல்ல வேண்டும். சொன்னதும் சரியா தவறா என்று தெரிவிப்பார்கள். எந்தச் சீட்டும் உறுதியான விடை தராது. ஒன்று பெரும்பாலும் மழையைக் குறிக்கும், எப்போதும் அன்று. ஆகவே மனப்பாடம் செய்து பயனில்லை. ஆடி ஆடித்தான் கை பழக வேண்டும். நம் பாட்டிமார் வானத்தைப் பார்த்து மழையைச் சொன்னார்களே, ஏன் என்று கேட்டால் விளக்கத் தெரியாது, அந்த வகை அறிவு இது.

நினைவாற்றலை இழந்த நோயாளிகள் இதைச் சாதாரண மக்களைப் போலவே தொடக்கத்தில் கற்றுக்கொண்டார்கள். ஆனால் எந்தச் சீட்டைப் பார்த்தார்கள், திரையில் என்ன இருந்தது என்று பிறகு கேட்டால் அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. நடுக்குவாத நோயாளிகளோ நேர்மாறு. பார்த்தது எல்லாம் நினைவிருந்தது. முதல் 50 ஆட்டங்களில் ஊகிக்கும் திறன் மட்டும் வளரவேயில்லை. ஒருவருக்கு நடந்தது நினைவில்லை, பழக்கம் வந்துவிட்டது. மற்றவருக்கு நடந்ததெல்லாம் நினைவிருக்கிறது, பழக்கம் வரவில்லை. அறிவு என்று நாம் ஒரு சொல்லால் சொல்வது ஒன்றல்ல, பல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இங்கே பார்க்கின்சனுக்காக ஒரு வார்த்தை பேச வேண்டும். அவர் நோயாளிகளோடு உரையாடினார். உரையாடலில் வெளிப்படுவது எந்த அறிவு? ஊர், பெயர், பழைய நிகழ்ச்சிகள், நோய் வந்த கதை. இவை நடுக்குவாதத்தில் நெடுங்காலம் கெடாமல் இருப்பவை. ஸ்பெயின் சிறையின் ஈரத்தரையை மாலுமி மறக்கவில்லையே! கண்டதைத்தான் எழுதினார். காணாத பகுதிக்கும் சேர்த்து எழுதியதுதான் பிழை.

1996 ஆம் ஆண்டு ஆய்வையும் குறை சொல்லாமல் விடுவதற்கில்லை. சீட்டு விளையாட்டை எல்லோரும் ஒரே வழியில் ஆடுவதில்லை என்று பின்னர் தெரியவந்தது. சிலர் ஒற்றைச் சீட்டு வரும் எளிய ஆட்டங்களை மட்டும் மனத்தில் வைத்துச் சமாளிக்கிறார்கள். ஆகவே அதைப் ‘பழக்கத்தின் அளவுகோல்’ என்று அப்படியே ஏற்க முடியாது. டாஃப்னா ஷோஹாமியும் உடன் ஆய்ந்தோரும் 2004 இல் வெளியிட்ட முடிவு இன்னும் பயனுள்ளது. அவர்கள் இதே வகைப் பாடத்தை இருவிதமாகக் கற்பித்தார்கள். ஊகித்துச் சொல், சரியா தவறா என்று பிறகு சொல்கிறேன் என்பது ஒரு விதம். விடையை முன்னாலேயே சேர்த்துக் காட்டிப் பார்க்கவிடுவது இன்னொரு விதம். முதல் முறையில் நடுக்குவாத நோயாளிகள் பின்தங்கினார்கள். இரண்டாவது முறையில் மற்றவர்களுக்கு இணையாகக் கற்றார்கள்.

இது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் செய்தி அன்று. வீட்டில் தாத்தாவிடம் புதிய கைப்பேசியைக் கொடுத்து, ‘அழுத்திப் பாருங்கள், தானே பழகிவிடும்’ என்று சொல்லிவிட்டுப் போகிறோம். பத்துநாள் கழித்தும் அதே தவறு. ‘வேண்டுமென்றே செய்கிறார், வீம்பு’ என்கிறோம். அல்லது ‘புத்தி போய்விட்டது’ என்கிறோம். நடுக்குவாதம் உள்ளவராயின் இரண்டும் தவறாக இருக்கலாம். தவறு செய்து திருத்திக்கொள்ளும் வழிதான் அவருக்கு அடைபட்டிருக்கிறது. ஒவ்வொரு படியாகச் செய்து காட்டி, வரிசையைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். அதுவும் தரையில் போட்ட கோடுதான்.

தவறிலிருந்து கற்பதற்கும் டோபமைனுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளில் ஆய்ந்து விடை கண்டார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் டோபமைன் அணுக்கள் துடிக்கின்றன. எதிர்பார்த்த சாறு கிடைக்காமற்போனால் ஒரு கணம் ஓய்கின்றன. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை அவை மூளைக்கு அறிவிக்கின்றன. அமெரிக்காவில் மைக்கேல் ஃபிராங்க் முதலியோர் 2004 இல் இதை நோயாளிகளிடம் சோதித்தார்கள். மருந்து உட்கொள்ளாத வேளையில் அவர்கள் தண்டனையிலிருந்து, அதாவது ‘தவறு’ என்னும் விடையிலிருந்து, நன்கு கற்றார்கள். மருந்து உட்கொண்ட வேளையில் பரிசிலிருந்து நன்கு கற்றார்கள். தண்டனை அவ்வளவாக உறைக்கவில்லை. நடுக்குவாத மருந்துகளில் சில, குறிப்பாக டோபமைனைப் போலவே செயல்படும் மருந்துகள், சிலரைச் சூதாட்டத்திலும் கட்டுக்கடங்காத செலவிலும் தள்ளிவிடுவது இன்று நன்கு அறிந்த பக்கவிளைவு. அதற்கு இந்த ஆய்வு ஒரு விளக்கம் தருகிறது. வீட்டாருக்கு இது தெரிந்திருந்தால் முதியவரைத் தூற்றுவதற்கு முன் மருத்துவரிடம் அழைத்துச் செல்வார்கள்.

மருந்து என்றதும் ஒரு சிறு செய்தி. கைகாலை இயங்கவைப்பதில் இன்றும் முதன்மை மருந்தாக விளங்குவது லெவோடோப்பா. நம் காட்டுப்புறங்களில் படரும் பூனைக்காலியின் விதையில் அது இருப்பதை 1937 இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், இராமசாமி இருவரும் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். நடுக்குவாதத்துக்கும் அதற்கும் உள்ள உறவு அப்போது எவருக்கும் தெரியாது. லெவோடோப்பாவை வாய்வழியே பேரளவில் கொடுத்து நல்ல பலன் காணலாம் என்று கோட்ஸியாஸ் நிறுவியது 1967 இல்தான். விதையை அரைத்துக் குடித்தால் போதும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அளவு பிசகினால் தொல்லை.

பார்க்கின்சனின் கடைசிச் சொற்றொடரை இன்று என்ன செய்வது? அடித்துவிட்டு ‘அறிவு கெடும்’ என்று எழுதினால் அது புதிய பிழை. நோய் தொடங்கிப் பல ஆண்டுகள் வரை பெரும்பாலோர்க்குப் பேச்சும் நினைவும் தீர்ப்பும் செம்மையாகவே இருக்கின்றன. நெடுங்காலம் நோயோடு வாழ்ந்தவர்களில் பலருக்கு அறிவுத்தேய்வு வருவதும் உண்மை. ஷார்க்கோவும் அதைக் கவனித்திருந்தார். இவ்விரண்டுக்கும் இடையில், கவனம் தானே திரும்பாத, பழக்கம் தானே படியாத ஒரு நீண்ட காலம் இருக்கிறது. நோயாளிகளுக்கென அச்சிடப்படும் சிறு வெளியீடுகள் பலவும் நடுக்கத்துக்குப் பத்துப் பக்கம் ஒதுக்கிவிட்டு இந்தக் காலத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன.

நூலை மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும் என்றே சொல்வேன். படிக்கும்போது, நடப்பதே கவனம் வேண்டும் வேலையாகிறது என்று அவர் எழுதும் இடத்தில் நின்று, அடுத்து என்ன கேட்டிருக்கலாம் என்று யோசியுங்கள். முதல் நோயாளி ஒரு தோட்டக்காரர். இடக்கையால் சில நாள் கடுமையாக வேலை செய்ததுதான் நோய்க்குக் காரணம் என்று அவர் நம்பினார். அந்தக் கை எப்படி நடுங்கியது என்று பார்க்கின்சன் எழுதியிருக்கிறார். நோய் வந்த பிறகு புதிய வேலை ஒன்றைப் பழகிக்கொள்ள அவரால் முடிந்ததா என்பது நூலில் இல்லை.